தண்ணீர் கேட்கும் மேடம்

எங்கள் ஆபீஸில் என்னைச் சேர்க்காமல் பத்துப் பேர். அதில் ஒன்பது பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஊரைத் தெரிந்துகொள்பவர்கள். பத்தாவது ஆள் ஊருக்குள் போய், கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்பவர். அவரைத்தான் பதினான்கு வருடமாக நான் வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். மற்ற ஒன்பது பேரைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு அரைப் பக்கம் தாண்டாது.

வாசல் போர்டில் எங்கள் பிரிவின் பெயர் ரொம்ப நீளம். ஒரே மூச்சில் படித்தால் இருமல் வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். வயதானதாலோ உடம்பு முடியாததாலோ தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களை யாராவது அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, மிரட்டினாலோ, பூட்டி வைத்தாலோ எங்களிடம் சொல்லலாம். நாங்கள் போய்ப் பார்ப்போம். நாங்கள் என்றால் மேடம். வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை என்று என் நியமன உத்தரவில் போட்டிருக்கிறது. அதை எழுதியவர் மேடத்தோடு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை என்று நினைக்கிறேன்.

மேடத்துக்கு நாற்பத்தெட்டு வயது. ஆள் குள்ளம், பை பெரிது. ஆபீஸில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'தண்ணி மேடம்'. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைத் தாண்டியதும், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பார். தாகம் ஒன்றும் கிடையாது, பைக்குள் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். யார் எழுந்து போகிறார்கள், எழுவதற்கு முன்னால் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், சமையலறைப் பக்கம் போக அந்தப் பெரியவருக்கு உரிமை இருக்கிறதா, டம்ளர் எங்கே இருக்கிறது என்றாவது தெரிகிறதா, இதையெல்லாம் கவனிப்பதற்காகத்தான் அந்தத் தண்ணீர். ஐம்பது கேள்வி போட்ட படிவத்தில் கிடைக்காதது ஒரு டம்ளரில் கிடைத்துவிடும் என்பார். ஒரு நாளைக்கு எட்டு வீடு போனால் எட்டு டம்ளர். அதனால் இந்த ஊரில் எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று என்னைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சம்பந்தப்பட்ட பெரியவரிடம் தனியாகப் பேசாமல் திரும்ப மாட்டார். வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நின்றால் பெரியவர் வாயே திறக்க மாட்டார் அல்லவா? அவர்களை வெளியே கிளப்ப வேண்டும். அதற்கு மேடம் கண்டுபிடித்த வழி நான்தான். வரும்போது வண்டியில் ஏதோ சத்தம் கேட்டதே அண்ணே, சாரிடம் கொஞ்சம் காட்டுங்களேன் என்று பச்சையாக ஒரு பொய் சொல்வார். உடனே நான் ஓட்டை வண்டிக்காரனாக மாறி அந்த சாரை வெளியே கூட்டிப் போய் பானெட்டைத் திறக்க வேண்டும். சுத்தமாகப் பராமரிக்கிற வண்டி அது. பதினான்கு வருடத்தில் அதன் மானத்தை நான் எத்தனை தடவை வாங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

என்னிடமும் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் செருப்பைப் பார்த்ததுமே குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவேன். மேடம் சிரிப்பார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் நான் சொல்லித் தப்பானதற்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுவார். சரியாக வந்ததற்குக் கோடு கிடையாது. இது என்ன நியாயம் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். தோளில் கருவிப் பை, முகத்தில் கவலை. தெருத் தெருவாகக் குரல் கொடுத்துக்கொண்டு போகும்போது ஒரு தரைதள வீட்டு ஜன்னலிலிருந்து வயதான அம்மா ஒருவர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அடுப்பைத் திறந்து மூடுகிற திருகு இரண்டு வேண்டும், சாயங்காலம் ஐந்தரைக்குள் கொண்டுவர முடியுமா என்று கிசுகிசுத்திருக்கிறார். பழைய திருகு என்ன ஆயிற்று என்று இவர் கேட்டதற்கு, என் தம்பி சட்டைப் பையில் இருக்கிறது என்று பதில். சரி, அடுப்பைப் பார்க்கிறேன் என்று இவர் வாசலுக்குப் போனால் கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்குகிறது. உள்ளே ஒரு மனுஷியை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை என்றார் ரிப்பேர்காரர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது, தம்பிதான் ராட்சசன், நேராக போலீஸோடு போவோம் என்றேன். மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பகலில் போய்ப் பிரயோஜனமில்லை, கதவு பூட்டியிருக்கும், தம்பி வந்தபிறகே போவோம் என்றார். ஐந்தே முக்காலுக்கு அந்த வாசலில் நின்றோம்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நெற்றி நிறைய கவலைக் கோடு, சீருடைச் சட்டை, தொழிற்சாலைகளில் தீப் பாதுகாப்பைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டராம். சட்டைப் பை மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. மேடம் அடையாள அட்டையைக் காட்டி, உங்கள் அக்காவைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் மனிதர் கோபப்படவே இல்லை. 'படி இருக்கு, பார்த்து வாங்க' என்றார். அந்தப் படி இரண்டு அங்குலம்.

வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேசை நாற்காலி முனைகளில் எல்லாம் பஞ்சு சுற்றி டேப் ஒட்டியிருந்தது. சுவரெங்கும் கைப்பிடிக் கம்பி. சோபாவுக்குப் பக்கத்தில் பூந்தொட்டி வைக்கிற இடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு தீயணைப்பான். சமையலறை வாசலில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று தொழிற்சாலை போர்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், நாலு பக்கமும் தலையணை வைத்து முட்டுக்கொடுத்த சோபாவில், தபாலில் அனுப்பக் கட்டிய கண்ணாடிச் சாமானைப் போல அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். தெருவில் இன்றைக்கும் அவருக்குப் பெயர் ஆபரேட்டர் அக்கா. எங்களைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. 'சொல்லுங்க, யாரு வேணும்?' என்றார். குரல் கணீரென்று இருந்தது.

மேடம் வழக்கம்போல் அந்த வீட்டிலேயே தாழ்வான முக்காலியைத் தேடி உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். ஆபரேட்டர் அக்கா இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தார். 'நீ உக்காருக்கா' என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர்தான் போனார். கொண்டுவந்ததை மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி போட்டு உறிஞ்சுகுழல் செருகிய பிளாஸ்டிக் டம்ளர். சிந்தினால் தரை வழுக்கும், அதனால் விருந்தாளிக்கும் இதே டம்ளர்தான் என்றார். மேடம் குழலால் உறிஞ்சிக் குடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், இல்லையென்றால் சிரித்துத் தொலைத்திருப்பேன்.

அடுத்து வண்டிச் சத்தம். அந்தப் பொய் மேடம் வாயிலிருந்து வந்ததுமே இன்ஸ்பெக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டார். இத்தனை வருடத்தில் இவ்வளவு ஆசையாக யாரும் வந்ததில்லை. வந்தவர் சும்மா பார்த்துவிட்டா போனார்? பானெட்டில் ஆரம்பித்துப் பின் டயர் வரை குனிந்து நிமிர்ந்து பதினேழு குறை கண்டுபிடித்துச் சின்ன நோட்டில் எழுதினார். வண்டியிலிருந்த தீயணைப்பான் காலாவதியாகி மூன்று வருடமாம். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் என் சாப்பாட்டு ஸ்பூனும் சீப்பும் இருந்தன. இல்லாத சத்தத்தைக் காட்டப் போய் இருக்கிற மானத்தையும் விட்டு நின்றேன்.

எரிச்சலில் கேட்டுவிட்டேன், இவ்வளவு கவனமாக இருப்பவர் சொந்த அக்காவைப் பூட்டி வைக்கலாமா என்று. அவர் டார்ச்சை அணைத்தார். போன வருடம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். தலையில் அடி, மூன்றாம் நாள் போய்விட்டார். 'நான் பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தேங்க. ஊர்ல இருக்கற ஃபேக்டரிக்கெல்லாம் போய் ஆபத்த கண்டுபிடிக்கறவன் நான். என் வீட்டு ஈரத்தரைய பாக்கல' என்றார். ஐந்து மாதத்துக்கு முன்னால் அக்காவும் அதே வீட்டில் சறுக்கி விழுந்து முட்டியில் சிராய்ப்பு. அன்றைக்கே அடுப்புத் திருகு கழன்றது, வாசலுக்குப் பூட்டு வந்தது. பெற்றோர் இல்லாமல் எட்டு வயதில் நின்றவரை வளர்த்து ஆளாக்கியது இந்த அக்காதானாம். இவங்களும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றார். அந்த நிமிஷமே என் ராட்சசன் கணக்கில் மேடம் இன்னொரு கோடு போடப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கதவில் பூட்டு பூட்டுத்தானே?

உள்ளே என்ன நடந்தது என்பதை மேடம் பிறகு சொன்னார். ஆபரேட்டர் அக்காவிடம் தம்பியைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம். நினைத்த நேரத்தில் தன் கையால் ஒரு டீ போட்டுக் குடிக்க வேண்டும். புதன்கிழமைதோறும் பஸ் பிடித்துப் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கே பழைய எக்ஸ்சேஞ்ச் தோழிகள் மூன்று பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார்கள், ஐந்து மாதமாக நாலாவது இடம் காலியாக இருக்கிறது. மகிழ்ச்சியில் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு தெளிவாகத் தனக்கு வேண்டியதைச் சொல்கிறவர்கள் எங்கள் வேலையில் அபூர்வம். அந்த வேகத்தில், நீங்களே எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்களேன் அக்கா என்று கேட்டுவிட்டார்.

பதினான்கு வருடம் பலித்த வித்தை அன்றைக்கு மேடத்தின் காலையே வாரியது. ஆபரேட்டர் அக்கா சந்தோஷமாக எழுந்தார். ஐந்து மாதம் சோபாவிலேயே உட்கார்ந்திருந்த கால் அது. அந்தக் காலுக்கு இப்போது எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று மேடம் கேட்கவே இல்லை. சமையலறை வாசல் வரைக்கும் நடந்தவர், தம்பி வழுக்காமல் இருக்கப் போட்டிருந்த ரப்பர் விரிப்பின் ஓரத்தில் கால் தடுக்கி விழுந்தார்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. அக்காவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். 'இப்ப புரியுதுங்களா?' என்று கேட்டார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

மணிக்கட்டில் மெல்லிய விரிசல், மாவுக்கட்டு போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது மேடம் அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எல்லாரும்தான் தப்பு பண்ணுகிறோம், என் காகிதத்தைப் பாருங்கள், இடமே இல்லாமல் கோடு கிடக்கிறது என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறொன்று சொன்னார். அவர் கணவருக்குப் பேக்கரியில் அடுப்படி வேலை. ரத்தக்கொதிப்பு வந்ததிலிருந்து வீட்டிலிருக்கிற உப்பு ஜாடியை மேடம் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாராம். அந்த ஆளை ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லையாம். 'அந்த தம்பிய நான் எந்த முகத்தோட குத்தம் சொல்றது அண்ணே?' என்றார். இந்த உப்பு விஷயம் எனக்கு முன்பே தெரியும். அவர் கணவர் என்னிடம் அழாத குறையாகச் சொல்லி ரகசியமாக ஊறுகாய்ப் பொட்டலம் வாங்கிவரச் சொல்லுவார். அதை அன்றைக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டே நாளில் இன்ஸ்பெக்டரின் மனு வந்துவிட்டது. பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்திருக்கிறார், ஆகவே நாள் முழுக்க ஆட்கள் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்க்க ஆபீஸே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். இடம் காலியாக இருந்த இல்லம் ஊரின் மறு கோடியில். அங்கே போனால் டீயும் கிடையாது, பூங்காவும் கிடையாது. மறு வியாழக்கிழமை கூட்டம், அதில் முடிவு.

எங்கள் அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் வம்பு பிடிக்காதவர். மேடத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு அறைக்குள் கூப்பிட்டார். அறிக்கையில், 'அவர் கால்களின் பலத்தை விசாரிக்காமல் நான் தண்ணீர் கேட்டதால் அவர் எழுந்து நடந்து விழுந்தார்' என்று இருந்தது. வெறுமனே 'விழுந்தார்' என்று எழுதினால் போதாதா, மீதியை எதற்கு எழுதிக் கழுத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். அப்படி எழுதினால் நடக்கவே முடியாத ஆள் என்று ஆகிவிடும், விழ வைத்தது நான், அதற்காக அவங்க வீட்டை விட்டுப் போக வேண்டுமா என்று மேடம் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

மேடம் இன்னொரு பிடிவாதமும் பிடித்தார். யாரைப் பற்றிக் கூட்டமோ அவர் கூட்டத்தில் இருக்க வேண்டும், காகிதம் மட்டும் வந்தால் போதாது என்றார். சட்டப்படி அந்தப் பெரியவர் தனக்குத் துணையாக ஒரு ஆளையும் கூட்டி வரலாம். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஆபரேட்டர் அக்கா யோசித்துவிட்டு, அந்த வண்டிக்காரத் தம்பியை என்று சொல்லியிருக்கிறார். ஐந்து மாதத்தில் தம்பியையும் டாக்டரையும் ரிப்பேர்காரரையும் மேடத்தையும் விட்டால் அவர் பார்த்த புது முகம் நான்தானாம். எனக்குக் கூட்ட அறையில் நாற்காலி போட்டார்கள். துணையாள் பேசக்கூடாது என்று அதிகாரி மூன்று தடவை சொன்னார், என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் அவரைக் கூட்டிவரப் போனபோது முன் சீட்டில்தான் உட்காருவேன் என்றார். வழி நெடுக ஜன்னலை இறக்கிவிட்டு, இந்தக் கடை எப்போது மூடினது, அந்த மரத்தை எவன் வெட்டினான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர் சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

கூட்டத்தில் முதலில் அதிகாரி ஒரு சந்தேகம் கேட்டார். சொந்தமாக முடிவெடுக்கிற தெளிவு அம்மாவுக்கு இருக்கிறதா என்று மேடத்தைப் பார்த்துக் கேட்டார், அம்மாவைப் பார்த்து இல்லை. டாக்டர் கொடுத்த கடிதத்தை மேடம் எடுப்பதற்குள் ஆபரேட்டர் அக்கா முந்திக்கொண்டார். எங்கள் ஆபீஸின் முப்பது வருடத்துக்கு முந்தைய டெலிபோன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாளும் எடுக்க மாட்டீர்கள் என்றார். அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. தெளிவு இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் எழுந்து தன் பட்டியலைப் படித்தார். வீட்டிலும் வெளியிலும் அக்காவுக்கு ஆபத்தானவை முப்பத்தொன்று. அடுப்பு, கத்தி, ஈரத்தரை, ரோடு, பஸ் படிக்கட்டு, பூங்காவில் நாய். ஒவ்வொன்றும் உண்மைதான், எதையும் மறுக்க முடியாது. படிக்கப் படிக்க அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. படித்து முடித்ததும் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் அந்த அறையில் எல்லாருக்கும் தோன்றியிருக்கும். எனக்கே தோன்றியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேடம் மட்டும், அக்கா என்ன நினைக்கிறார்கள் என்று அவங்களையே கேட்போம் என்றார்.

ஆபரேட்டர் அக்கா மாவுக்கட்டுக் கையை மேசைமேல் வைத்தார். தம்பியைத்தான் பார்த்தார்.

'உனக்கு பத்து வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்து கை ஒடஞ்சுதே, ஞாபகம் இருக்கா? கட்டு பிரிச்ச மறுநாளே அந்த சைக்கிள திரும்ப உன்கிட்ட குடுத்தேன். நீ தெருமுனை திரும்பற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. தினமும் அப்படித்தான். அதுக்காக பெடல கழட்டி என் கைப்பைல வச்சுக்கிட்டனாடா?'

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பட்டியலை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு அடுப்புத் திருகையும் எடுத்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார்.

'எனக்கு ரொம்ப பயமா இருக்குக்கா' என்றார். ஐம்பத்தெட்டு வயது ஆள், சீருடையோடு, ஒரு கூட்ட அறையில் தேம்பி அழுதார். நான் துணையாள், பேசக்கூடாது. கைக்குட்டையை மட்டும் நீட்டினேன். அதில் கிரீஸ் கறை இருந்தது, அதையும் பார்க்காமல் வாங்கித் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மேடத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. முப்பத்தொரு ஆபத்தையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, இதற்கு என்ன செய்யலாம் என்று அக்காவையும் தம்பியையுமே கேட்டார். காலுக்குத் தெம்பு வர வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சிக்காரம்மா வீட்டுக்கே வருவார். ரப்பர் விரிப்பை நாலு பக்கமும் தரையோடு ஒட்ட வேண்டும். தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்திக்கொள்ளும் அடுப்பு ஒன்று இருக்கிறதாம், அதை ரிப்பேர்காரர் மாட்டிக்கொடுப்பார். பூட்டின் சாவி அக்காவிடம். மத்தியானம் ஒரே ஒரு தடவை தம்பி போன் செய்யலாம். பத்துத் தடவை என்று பேரம் ஆரம்பித்தது, முப்பத்தைந்து வருடம் போன் எடுத்து அலுத்துவிட்டது என்று சொல்லி அக்கா ஒன்றில் நிறுத்தினார். பஸ் ஏறி இறங்கப் பழகிய பிறகு புதன்கிழமைப் பூங்கா. விழவே மாட்டார் என்று யாரும் எழுதவில்லை. 'விழவும் கூடும் என்பது தெரிந்தே அவர் இதைக் கேட்கிறார்' என்று மேடம் எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், அந்த வரியை மட்டும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. ஏற்பாடு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டிய நாளை மேடம் வேண்டுமென்றே அன்றைக்கு வைத்துக்கொண்டார். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு ஆபரேட்டர் அக்கா கைத்தடியோடு வெளியே வந்தார். நல்ல புடவை, கையில் ஒரு பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி வேறு. பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடைபாதை ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

மேடம் என் தோளைத் தட்டினார். அக்காவுக்கு இருபது அடி பின்னால், நின்றிருந்த ஒரு வேனை ஒட்டினாற்போல இன்ஸ்பெக்டர் ஒளிந்துகொண்டிருந்தார். அரை நாள் லீவு போட்டிருக்கிறார். ஒளியத் தெரியாத மனிதர், பாதி உடம்பு வெளியே தெரிந்தது.

அக்கா திரும்பாமலே கூப்பிட்டார். அந்தக் குரல் எங்கள் வண்டி வரைக்கும் கேட்டது.

'வாடா. பயமா இருந்தா என் கைய புடிச்சுக்கோ.'

இன்ஸ்பெக்டர் வேனுக்குப் பின்னாலிருந்து வந்தார். கட்டு பிரித்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மெதுவாக ரோட்டைக் கடந்தார்கள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அக்கா கைத்தடியைத் தூக்கிக் காட்டியதும் நிறுத்தினான். பஸ் வந்தது. அவர் தம்பியின் கையை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து, முதல் படி, இரண்டாவது படி என்று ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கையசைக்கவெல்லாம் இல்லை. பக்கத்து சீட்டு அம்மாவிடம் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

பஸ் கண்ணுக்கு மறையும் வரைக்கும் இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்றார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம் பார்த்தார். ரோட்டில் வண்டியே இல்லை. தனியாகக் கடந்து வருவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.